சந்தைப்பேட்டை லைன்

லைன் என்றால் லைன்தான், அதற்கு அர்த்தம் வேறு வேண்டிக் கிடக்கிறதா என்று காலையில் நித்திலாவிடம் எரிந்து விழுந்திருக்க வேண்டாம் என்று யோகேஸ்வரிக்கு இப்போது தோன்றியது. பிள்ளை என்ன செய்யும், பாவம். எட்டாவது படிக்கிறவள். இங்கிலீஷ் டீச்சர் வகுப்பில் ஆளுக்கொரு சொல்லைப் பிரித்துக் கொடுத்து, அகராதியைப் புரட்டி அதற்கு எத்தனை அர்த்தம் என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார். ஒருத்திக்கு செட், ஒருத்திக்கு ரன், இவளுக்கு வாய்த்தது லைன். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் ஓடுதும்மா என்று இட்லித் தட்டை ஒதுக்கிவிட்டு வாசித்தாள். கோடு. கயிறு. வரிசை. முகத்துச் சுருக்கம். எல்லை. வம்சம். பிழைப்பு. நாடகக்காரன் பேசுகிற வசனம். தூண்டில் நரம்பு. இவ்வளவையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டு அந்த வெள்ளைக்காரர்கள் எப்படித்தான் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்களோ. பிள்ளையின் வாயை அடக்கிவிட்டு வந்தாயிற்று, சொல்லைத்தான் அடக்க முடியவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய்ச் சில்லு போல நாக்கு போய்ப் போய் அங்கேயே நிற்கிறது. சப்ஸ்டேஷனின் கண்ட்ரோல் ரூமில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளியே ஜல்லி பரப்பிய யார்டில் வெயில் கொதித்தது. டிரான்ஸ்பார்மர் எப்போதும் போல ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. எதிரே சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற பேனலில் ஊர் ஊராகக் கரண்ட் பிரிந்து போகிற எல்லாப் பீடருக்கும் சிவப்பு விளக்கு, சந்தைப்பேட்டைக்கு மட்டும் பச்சை. ஊரில் பச்சை என்றால் போகலாம். இங்கே பச்சை என்றால் கரண்ட் இல்லை, கம்பி செத்துக் கிடக்கிறது, ஆள் ஏறலாம். சுவிட்சின் கழுத்தில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற தகரப் பலகையை அவளேதான் மாட்டினாள். ராத்திரிக் காற்றில் புளியமரக் கிளை முறிந்து சந்தைப்பேட்டை லைன்மேல் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போன ஃபோர்மேன் நாச்சிமுத்து காலையில் போனில் கூப்பிட்டு லைன் கிளியர் வாங்கினார். அவள் கரண்டை நிறுத்தி, நம்பர் சொன்னாள். அவர் நம்பரைத் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. இனி வேலை முடிந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கி, அவரே கூப்பிட்டு லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்கும்வரை இந்தப் பச்சை எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். வாங்கினவர்தான் கொடுக்க வேண்டும், தன் வாயால், தன் குரலில். அப்பன் வாங்கினதைப் பிள்ளை கொடுக்க முடியாது. இந்த வேலையில் அவளுக்கு முதல்நாள் சொல்லிக் கொடுத்தது அதுதான். அவளுக்கா சொல்லித் தர வேண்டும்.

லைனுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும் என்றால் அவளையே அகராதியாகப் போட்டிருக்கலாம். பிறந்ததே லைனில். கூடலூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டுக்காரி நூறு வயசு என்பாள். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் வாயில் அது லயம். துரைமார் சொன்ன லைனை மென்று மென்று மெதுவாக்கி லயமாக்கி வைத்திருந்தார்கள். அம்மா புது ஆளைப் பார்த்தால் எந்த லயம் என்றுதான் முதலில் கேட்பாள், பேரெல்லாம் அப்புறம். பள்ளிக்கூடத்தில் லைன் கட்டு என்றால் முன்னால் நிற்பவளின் முதுகை ஒரு கைத்தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், மழை பெய்தாலும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் லைன், ரேஷனில் லைன், லைனை விட்டு ஒரு எட்டு வெளியே வந்தால் மறுபடி வாலில் போய் நிற்க வேண்டும். அண்ணன் லாரிக்குப் போன பிறகு, எங்கே என்று யார் கேட்டாலும் அம்மா பெருமையாக, லைனுக்குப் போயிருக்கான் என்பாள். லைன் என்றால் அவளுக்கு அப்போது நாக்பூர், ராய்ப்பூர், இன்னும் வாயில் நுழையாத ஊர்கள். அப்புறம் ஒரு ஆடிக் காற்றில் மலை முழுக்கக் கம்பி அறுந்து கிடந்தபோது கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு அனுப்பிய ஆட்களில் ஒருத்தன் லயத்துக்கு எதிரே இருந்த கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, வேலையைப் பார்க்காமல் அவள் துணி காயப்போடுவதைப் பார்த்தான். லைன்மேன் லைன் அடிக்கிறான்டி என்று பக்கத்து வீட்டு ஜீவராணி அவள் இடுப்பில் இடித்தாள். ஆமாம், அடித்தான். கம்பத்திலிருந்து இறங்கி வந்து தண்ணி கேட்டான், குடித்துவிட்டுச் சொம்பைத் தராமல் பேர் கேட்டான். சென்னியப்பன். கொங்குநாட்டுப் பேச்சு, எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க'. சாதி வேறு, சனம் வேறு, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் வீட்டிலும் ஆத்தா சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தாளாம். ஒன்றரை வருஷம் இழுத்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் மலையேறி வந்து, மூச்சு வாங்க வாசலில் நின்று, எங்க வீட்டுல லைன் கிளியருங்க என்றான். முகமெல்லாம் பல். சந்தோஷத்தைச் சொல்லக்கூட அவனுக்கு வேலையிலிருந்துதான் சொல் கிடைத்தது. தடை இல்லை, பயம் இல்லை, வா என்று அர்த்தம். அவனை நம்பி மலையிறங்கி வந்தவளைக் கொண்டுபோய் வைத்தது மறுபடியும் ஒரு லைன் வீட்டில். ஒரே சுவர், பொதுக் குழாய், பொது வாசல். அவள் சிரித்துவிட்டாள். எத்தனை காடு மலை தாண்டினாலும் உனக்கு லைன்தான் என்று தலையில் எழுதியிருந்தால் என்ன பண்ணுவது. சொல்லப்போனால் அந்த எழுத்துக்கும் லைன் என்றுதானே பேர்.

நினைப்பு இவ்வளவு தூரம் வந்தவுடன் மனசு திரும்பிப் போய்விடும், அடுத்த இடத்தைத் தொடாது. தொடாது என்று நினைக்கும்போதே தொட்டுவிடும். வாய்க்கால் மேடு. அன்றைக்கும் காற்றடித்துக் கிளை விழுந்திருந்தது. அன்றைக்கும் லைன் கிளியர் வாங்கியிருந்தவர் இதே நாச்சிமுத்து. சென்னியப்பன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கம்பத்தின்மேல் இருந்தான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேடு மறைக்கும். எல்லாரும் இறங்கியாச்சுங்க என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று விசாரணையில் கடைசிவரை தெரியவில்லை, சொன்னதாக ஒப்புக்கொள்ள ஒரு வாய் இல்லை. நாச்சிமுத்து மேட்டில் ஏறிப் பார்த்திருக்கலாம். பத்தடி. ஏறவில்லை. போனை எடுத்து லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாமல் கிடக்கிறது, பொய் சொல்லியிருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதில் பச்சைக் கோடு. நர்ஸ் பெண் இன்னொரு நர்ஸிடம், லைன் ஸ்ட்ரெய்ட் ஆயிடுச்சு என்றாள், சாப்பாடு ஆறிடுச்சு என்கிற மாதிரி. இடுப்பில் நித்திலா, பேச்சுகூட வராத பிள்ளை, அந்தக் கோட்டைக் காட்டி ஏதோ கேட்டது. காரியம் முடிந்த மறுவாரம் கரண்ட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர்தான், கண் கலங்கினார். வாரிசு வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆனால் கேஸ் கீஸ் என்று போனால் இழுத்துவிடும், யார் மீதும் புகார் இல்லை என்று ஒரே ஒரு லைன் மட்டும் எழுதிக் குடுத்துரும்மா என்றார். ஒரே ஒரு லைன். எழுதினாள். ஐ.டி.ஐ. படித்த கை, எழுத்து நேராக வந்தது. அன்று மாலை நாச்சிமுத்து வந்து வீதியில் முருங்கை மரத்தடியில் நின்றார். உள்ளே வரவில்லை, வாய் திறக்கவில்லை, இருட்டும்வரை நின்றுவிட்டுப் போனார். அவளும் கூப்பிடவில்லை. அதன் பிறகு அவளுக்கு வேலை வந்தது, இந்த சப்ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது, அதே நாச்சிமுத்து ஃபோர்மேனாகி அதே ஏரியாவில் இருந்தார். போனில் அந்தக் குரல். நம்பர் கேட்கிறது, நம்பர் சொல்கிறது. இத்தனை வருஷத்தில் வேறு ஒரு வார்த்தை கிடையாது. ஒவ்வொரு கம்பத்தையும் தானே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் திருப்பிக் கொடுக்கிறாராம், கேங்மேன்கள் சலித்துக்கொள்வார்கள், பெருசு எண்ணின ஆளையே மறுக்கா எண்ணுது என்று. எண்ணட்டும். இப்போது எண்ணி என்ன. அவள் பயப்படுவது அவருக்காக இல்லை. தனக்காகத்தான். சந்தைப்பேட்டை லைனில் வேலை என்று பலகையை மாட்டுகிற ஒவ்வொரு தடவையும், மனசின் ஏதோ ஒரு மூலையில் ஒன்று எழுந்து உட்காருகிறது. இன்றைக்கு யாராவது தப்பாகச் சொன்னால். சொன்னதை நான் நம்பினால். அவர் நம்பின மாதிரி, அதே மாதிரி. யார் என்ன கேட்க முடியும் என்னை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடமும் சொல்லவில்லை, காது கொடுத்துக் கேட்டுவிட்டால் என்ன பண்ணுவது என்ற பயம்.

ஷிப்ட் செல்போன் அடித்தது. நாச்சிமுத்துவின் நம்பர். அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். குரல் வேறாக இருந்தது. கேங்மேன் சிவமலைங்க்கா என்றது. நாச்சிமுத்துவோடு போகிற ஆட்களில் அவன்தான் வாயாடி, முப்பத்தைந்து வயசு, கல்யாணமாகி இரண்டு பிள்ளை, எதிலும் அவசரம்.

"வேலை முடிஞ்சுதுங்க்கா. எல்லாரும் எறங்கியாச்சு. லைன் கிளியர் ரிட்டர்னுங்க, போட்டு உட்ருங்க."

எல்லாரும் இறங்கியாச்சு. கையிலிருந்த பேனா மேஜைமேல் உருண்டது. நாச்சிமுத்து எங்கே என்று அவள் கேட்க, அண்ணன் பின்னாடி வந்துட்டிருக்காருங்க, போனையும் பையையும் என்கிட்டக் குடுத்துட்டாரு என்றான். எர்த் ராடெல்லாம் கழட்டியாச்சு என்று அதையும் சேர்த்துச் சொன்னான், அவளுக்குச் சந்தேகம் தீரட்டும் என்று. வேலை நடக்கும்போது கம்பியை மண்ணோடு சேர்த்துக் கட்டிவைக்கிற ராடு அது. தப்பித்தவறி யாராவது கரண்டைப் போட்டுவிட்டாலும் ஆளைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். அதையும் கழற்றியாகிவிட்டது. அவர் வந்து பேசட்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம். நாற்காலியை விட்டு எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பச்சை விளக்கு அவள் கையில் விழுந்து நரம்பையெல்லாம் காட்டியது. இந்தச் சுவிட்சுக்குப் பெரிய பலம் வேண்டாம், குழம்புக் கரண்டி பிடிக்கிற பலம் போதும். அன்றைக்கு இதே இடத்தில் நின்றவர் யார், அவர் பேர்கூட அவளுக்குத் தெரியும், ரிட்டையராகி ஊருக்குப் போய்விட்டார், அவர்மேல் ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. போனில் சொன்னார்கள், போட்டார். அவருக்கு ராத்திரி தூக்கம் வந்ததா. ஜீவராணி சொன்னது போல லைன்மேன் லைன் அடித்து, லயத்து வாசலில் லைன் கிளியர் என்று பல்லைக் காட்டி, லைன் வீட்டில் வாழ்ந்து, ஒரு மெஷினில் லைனாகப் படுத்து, அதற்கு அப்புறம் அவள் கையால் எழுதின ஒரு லைனாக எங்கோ பீரோவில் கிடக்கிறான். எல்லாம் ஒரே சொல். ஒரே சொல்லுக்குள் ஒரு ஆளையே வைத்துப் புதைத்துவிடலாம் போலிருக்கிறது. சிவமலை சொல்வது நிஜமாகவே நிஜமாக இருக்கலாம். இருந்தால் ஒன்றுமில்லை, போட வேண்டியதுதான், ஊருக்குக் கரண்ட் வரும். இல்லாவிட்டால். இல்லாவிட்டால் என்பதற்கு மேலே மனசு போகவில்லை என்று சொன்னால் அது பொய். போனது. கம்பத்தின் உச்சி, நாச்சிமுத்துவின் வழுக்கைத் தலை, இடுப்புப் பெல்ட்டில் சாய்ந்து நிற்கிற நிற்பு, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அப்புறம் விசாரணை. சிவமலை சொன்னானுங்க, நான் நம்பினேன். எழுதிக் கொடுக்க அவளுக்கும் ஒரு லைன் இருக்கும். நாச்சிமுத்துவின் மனைவி எப்படி இருப்பாள், அவளை அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவர் முருங்கை மரத்தடியில் நின்ற மாதிரி, அவள் வீட்டு எதிரே தானும் போய் நிற்க வேண்டிவருமோ என்று நினைத்தாள். சுவிட்சின்மேல் கையை வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. தகரப் பலகை சூடாக இருந்தது. கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள்.

மேஜைப் போன் அடித்தது. ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். சின்ன வயசு, நல்ல பையன், மந்திரி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் நல்ல பையன் கெட்ட பையன் ஆகிவிடுவான். சந்தை மைதானத்தில் விழா, மந்திரி மேடைக்கு வந்துவிட்டார், வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் நின்றுவிட்டது, மைக் இல்லை, மாவட்டமே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றார். சிவமலை சொல்லிவிட்டானே, இன்னும் ஏன் போடவில்லை, நானும் அவனிடம் பேசிவிட்டேன், எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்றார். அவள் நாச்சிமுத்து பேசவில்லை என்றாள். அவர் சொன்னது முழுவதும் காதில் விழவில்லை, ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார், அது விழுந்தது. நான் சொல்றேன், நான் பொறுப்பு, போடுங்க. பாருங்கள், எவ்வளவு சுலபம். கேட்காமலே கொண்டுவந்து மடியில் போடுகிறார்கள். இனி அவள் பேரில் ஒரு துளி ஒட்டாது. மேலிருப்பவர் சொன்னார், போட்டேன், அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக மூலையில் உட்கார்ந்திருந்தது இப்போது எழுந்து நின்று அவளையே பார்த்தது. அதற்கு அவள் முகம் இருந்தது, சென்னியப்பன் முகம் இல்லை. அவன் முகம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று சொல்ல முடியாது.

"போட மாட்டேன் சார். லைன் கிளியர் குடுத்தது அவருக்கு. அவர் குரல்ல கேட்டாத்தான் போடுவேன்."

மெமோ என்றார். கொடுங்க சார் என்றாள். நாளைக்கே மாற்றல் என்றார். அவராகவே போனை வைத்துவிட்டார். அறையில் பேட்டரி சார்ஜரின் முனகல் மட்டும் இருந்தது. அவள் நாச்சிமுத்துவின் நம்பருக்கு அடித்தாள், அந்தப் பெண் குரல், நீங்கள் அழைக்கும் நபர் மற்றொரு லைனில் இருக்கிறார் என்றது. சிவமலை யாரிடமாவது கத்திக்கொண்டிருப்பான், எல்லாரும் எல்லாரிடமும் கத்துவார்கள், அவள் பேரைச் சொல்லி. சொல்லட்டும். உட்கார்ந்தாள், எழுந்தாள், சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தாள், பாதி மார்பில் கொட்டியது. ஒருவேளை இதுவும் நடிப்போ. நான் நல்லவள் என்று எனக்கே காட்டிக்கொள்கிறேனோ. அவர் பின்னாடி வந்துகொண்டுதான் இருப்பார், டீக்கடையில் கால் கழுவிக்கொண்டிருப்பார், நான் இங்கே ஒரு உயிரைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நிற்கிறேன். அப்படி இருந்தால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று ஒரு பக்கம் நினைத்தாள், இன்னொரு பக்கம் அவர் டீக்கடையில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக என்று தெரியவில்லை. சென்னியப்பனுக்கு அழுது தீர்த்தாகிவிட்டது என்றுதான் அவள் இத்தனை நாள் கணக்கு வைத்திருந்தாள். பத்தடி மேட்டில் ஏறி அவனை ஒருத்தர் பார்த்திருந்தால் போதும். ஒரே ஒருத்தர், இரு, ஆளைக் காணோம், குரலைக் கேட்காமல் போடாதே என்று சொல்லியிருந்தால் போதும். உலகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு ஆள் இல்லாமல் போனான். அதை நினைத்துத்தான் அழுகிறாள் போலிருக்கிறது.

மறுபடி அதே நம்பர். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மூச்சிரைப்புதான் முதலில் கேட்டது, வயசானவரின் மூச்சு. நாச்சிமுத்து பேசறனுங்க என்றார். அவள் சொல்லுங்க என்றாள். பின்னால் காற்று, எங்கோ ஒரு மாடு, சிவமலை யாரிடமோ அழுகிற குரலில் ஏதோ சொல்வது. கடைசிக் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டாராம், போனையும் பையையும் கொடுத்துச் சிவமலையை முன்னால் அனுப்பிவிட்டாராம், அண்ணாந்து பார்த்தால் ஒரு கம்பியை இன்னொன்றோடு இணைக்கிற ஜம்பர் கம்பி ஒன்று சரியாக இறுகாமல் நின்றதாம், அப்படியே விட மனசில்லாமல் மறுபடி ஏறியிருக்கிறார். அது வளைவுக்கு அந்தப் பக்கம், ரோட்டிலிருந்து தெரியாது. அவர் ஏறியது சிவமலைக்குத் தெரியாது, ராடை அவன் கழற்றியது அவருக்குத் தெரியாது.

"மேல நின்னு முறுக்கிட்டு இருந்தனுங்க. கம்பி கையில இருந்துது."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஏ.இ. சாரும் போடச் சொன்னாராமா என்று அவர் கேட்டார். ஆமா என்றாள். அதற்கு மேல் அவர் கேட்க வேண்டியது, உங்களுக்கும் போடத் தோணுச்சுங்களா என்ற ஒன்றுதான் இருந்தது, அதைக் கேட்கவில்லை. பதில் அவருக்கே தெரிந்திருந்தது. அவரே சொன்னார்.

"போட்டிருந்தாலும் உங்களைக் குத்தஞ் சொல்ல எனக்கு வாயில்லீங்க. தெனமும் நினைச்சுட்டுத்தான் ஏறறனுங்க. நீங்க இருக்கற ஷிப்டுன்னா அதை நினைக்காம ஏறினதில்ல."

ஆக, அவருக்கும் தெரியும். இத்தனை வருஷம் நம்பர் கேட்டு நம்பர் சொன்ன இரண்டு பேரும் ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அவள் கீழிருந்து, அவர் மேலிருந்து. அப்படியும் ஏறியிருக்கிறார். வேறு ஷிப்டில் வேலையை வைத்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. வாழ்நாளில் அவ்வளவு கோபம் அவளுக்கு வந்ததில்லை, ஆஸ்பத்திரியில் வரவில்லை, அந்த அதிகாரி முன்னால் வரவில்லை.

"அப்படிப் பேசாதீங்க" என்றாள். "உங்களை நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியாது. ஆனா என் கையால அது வேண்டாம். என் கையை அதுக்குக் குடுக்க மாட்டேன். கேக்குதா?"

கேக்குதுங்க என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. அவளுக்கு அதைத் தேற்றத் தோன்றவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. யார்டில் வெயில் அப்படியே இருந்தது, ஒரு மைனா ஜல்லியில் எதையோ கொத்திக்கொண்டு நடந்தது. மேஜைப் போன் மறுபடி அடித்தது, அவள் அதன் ரிசீவரைத் தூக்கிக் கீழே படுக்க வைத்தாள். மந்திரி இன்னும் கொஞ்சம் சும்மா நிற்கட்டும், ஒன்றும் கெட்டுவிடாது. பிறகு அவள் நாச்சிமுத்துவிடம் ஒன்று கேட்டாள், இதுவரை எந்த ஆபரேட்டரும் எந்த ஃபோர்மேனிடமும் கேட்காதது, விதியில் எங்கும் இல்லாதது. ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னார். சிவமலை பக்கத்தில் நிற்கிறான். மாரப்பன் கழற்றின ராடுகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறான், ரோட்டோரம். குப்புசாமி டிராக்டர்மேல் உட்கார்ந்திருக்கிறான். சுப்பிரமணி தண்ணி குடிக்கிறான், கண்ணுக்குத் தெரிகிறான். அதோடு நிறுத்தி, லைன் கிளியர் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் இருங்க என்றாள்.

"நீங்க?"

அவர் நம்பரைப் பாதியில் விட்டார்.

"நானுந்தானுங்க. தரையில நிக்கறேன்."

யோகேஸ்வரி நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், பலகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சுவிட்சைத் திருப்பினாள்.